விலைப்பட்டியல் போதாது: சிகிச்சைச் செலவையும் தரத்தையும் ஒப்பிடும் அட்டவணை போடுவது எப்படி

மருத்துவமனைகள் தங்கள் கட்டணத்தை வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டால் மக்களுக்கு விவரம் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் அந்தச் சட்டம் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் எல்லாக் கட்டணங்களையும் கணினி படிக்கும் கோப்பாக வெளியிட வேண்டும். கூடவே, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்துகொள்ளக்கூடிய 300 சேவைகளின் விலையைச் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி தர வேண்டும். அதில் 70 சேவைகளை அரசே குறித்துக் கொடுத்தது. மீதி 230 மருத்துவமனையின் விருப்பம். 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் தாங்கள் பேசி முடித்த விலைகளை வெளியிட ஆரம்பித்தன. சாதாரண கணினியில் திறக்கவே முடியாத அளவுக்குப் பெரிய கோப்புகள் குவிந்தன.

ஆனால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தயாராகும் ஒருவருக்கு இரண்டே கேள்விகள்தான். மொத்தம் எவ்வளவு என் கையிலிருந்து போகும்? அங்கே போனால் நல்லபடியாக வீடு திரும்புவேனா? அந்தக் கோப்புகளில் இந்த இரண்டுக்கும் நேரடியான பதில் இல்லை. பதிலாக மாற்ற இடையில் நிறைய வேலை இருக்கிறது. நோயாளிகள் சங்கமோ, தொழிலாளர் நல நிதியோ, பத்திரிகையோ, அரசுத் துறையோ, யார் இந்த அட்டவணையைப் போட உட்கார்ந்தாலும் சறுக்கும் இடங்கள் ஒன்றேதான். அட்டவணையைப் படிப்பவர் ஏமாறுவதும் அதே இடங்களில்தான்.

எந்த விலை?

ஒரே மருத்துவமனையில் ஒரே ஆபரேஷனுக்கு நான்கு விலையாவது இருக்கும். பட்டியல் விலை ஒன்று. ரொக்கமாகக் கட்டுபவருக்கான தள்ளுபடி விலை ஒன்று. ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துடனும் பேசி முடித்த விலை தனித்தனி. இன்ஷூரன்ஸ் கட்டியது போக நோயாளி தன் பையிலிருந்து கட்டும் பங்கு கடைசி. இவற்றில் பட்டியல் விலையை முழுசாகக் கட்டுபவர் மிகக் குறைவு. பேரம் அங்கிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான். சுலபமாகக் கிடைப்பதும் அதுதான் என்பதால் புதிதாக இறங்குபவர்கள் அதை வைத்தே மருத்துவமனைகளை வரிசைப்படுத்திவிடுகிறார்கள். பட்டியல் விலையில் மலிவாகத் தெரியும் இடம், பேசி முடித்த விலையில் எல்லோரையும்விட அதிகமாக வாங்குவது சகஜம்.

ஆகவே அட்டவணையின் முதல் பத்தியில் (நெடுவரிசையில்) தொகைக்கு முன்னால் விலையின் வகை வர வேண்டும். இரண்டு வகைகளை ஒரே பத்தியில் கலக்கக் கூடாது. ஒரு மருத்துவமனைக்குப் பேசி முடித்த விலை கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். பட்டியல் விலையை வைத்து நிரப்பாதீர்கள். வெற்றுக் கட்டம் யாரையும் தவறான இடத்துக்கு அனுப்பாது.

பேசி முடித்த விலையிலும் மூன்று ரகம் உண்டு: ஒரு கேஸுக்கு இவ்வளவு, ஒரு நாளுக்கு இவ்வளவு, பட்டியல் விலையில் இத்தனை சதவீதம். மூன்றாவது ரகத்தை பில் போட்டு முடிக்கும்வரை தொகையாக எழுதவே முடியாது. அமெரிக்கக் கோப்புகளில் இப்படிக் கணக்கிட வழியில்லாத இடத்தில் ஒன்பது ஒன்பதுகளை வரிசையாகப் போடும் வழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. அதைத் தொகை என்று எண்ணிச் சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 0, 1 என்று நிரப்பப்பட்ட கட்டங்களும் வரும். கணக்கைத் தொடங்கும் முன் ஒவ்வொரு பத்தியிலும் மிகச் சிறிய 20 தொகைகளையும் மிகப் பெரிய 20 தொகைகளையும் கண்ணால் பாருங்கள். குப்பையில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத குப்பை வேறு. இன்ஷூரன்ஸ் ஒப்பந்தங்கள் மொத்தமாகப் போடப்படுவதால், தோல் மருத்துவர் பெயருக்கு நேரே முழங்கால் ஆபரேஷன் விலை இருக்கும். அவர் அதை ஒருநாளும் செய்யப்போவதில்லை. இப்படிப்பட்ட ஆவி விலைகள் கோப்பின் கனத்தை ஏற்றுவதோடு சராசரியையும் இழுத்துவிடும். இதற்கு ஒரே மருந்து, கிளைம் பதிவுகளோடு, அதாவது இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பிய பில்களின் பதிவோடு, ஒத்துப் பார்ப்பதுதான்: கடந்த ஆண்டில் இவர் இந்தச் சேவையை ஒரு தடவையாவது செய்து பில் போட்டிருக்கிறாரா? இல்லையென்றால் அந்த வரியை நீக்கிவிடலாம்.

எம்ஆர்ஐ போன்ற ஸ்கேன்களில் இன்னொரு கண்ணி. மெஷினுக்கும் டெக்னீஷியனுக்குமான கட்டணம் ஒன்று. படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட்டின் கட்டணம் மற்றொன்று. அமெரிக்க பில்லிங்கில் ஒரே எண்ணுக்குப் பின்னால் ‘26’ என்று ஒட்டினால் ரிப்போர்ட் எழுதுவது மட்டும், ‘டிசி’ என்று ஒட்டினால் ஸ்கேன் எடுப்பது மட்டும், ஒன்றும் ஒட்டாவிட்டால் இரண்டும் சேர்ந்தது. ஒட்டைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால், பாதி வேலைக்கு விலை சொன்ன இடம் பாதி விலைக்குச் செய்து தருவதாகத் தோன்றும். வேறு எந்த நாட்டின் பில்லிங் முறையிலும் இந்தக் கேள்வி உண்டு: இந்த விலைக்குள் யார் யாருடைய வேலை அடக்கம்?

ஒரு சிகிச்சை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

அட்டவணை உருப்படுமா என்பது இந்தக் கேள்விக்கு எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம். நோயாளிக்கு வேண்டியது மூட்டு மாற்று என்ற முழுச் சிகிச்சை. மருத்துவமனை விற்பதோ நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வரிகள்: ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும், சர்ஜன் கட்டணம், உதவி சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் நேரம், இம்பிளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு), சிமென்ட், தையல் நூல், கையுறை, மருந்துகள், அறை வாடகை, நர்சிங், பிசியோதெரபி, வாக்கர், தையல் பிரிக்கப் போகும் நாள். இதில் எது உள்ளே, எது வெளியே என்று ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு விதமாகக் கோடு போடுகிறது. இம்பிளான்ட்டை வெளியே வைத்துவிட்டு பேக்கேஜ் விலையை இறக்கிக் காட்டுவது மிகப் பழைய உத்தி.

கோட்டை நீங்கள் போட வேண்டும், அதை எல்லா மருத்துவமனைக்கும் ஒன்றாகப் போட வேண்டும். நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதலில் தூண்டும் நிகழ்வை நிர்ணயிக்கவும்: மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்த நாள். பின்னோக்கி எத்தனை நாள், முன்னோக்கி எத்தனை நாள் என்று சாளரத்தைக் குறிக்கவும். இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு அமெரிக்க அரசு முக்கியமாக முதியோருக்கு நடத்தும் இன்ஷூரன்ஸான மெடிகேர் 2016 ஏப்ரலில் தொடங்கிய, முழுச் சிகிச்சைக்கும் சேர்த்து விலை வைக்கும் திட்டம், அனுமதியிலிருந்து டிஸ்சார்ஜுக்குப் பிறகு 90 நாள்வரை எடுத்துக்கொண்டது. அது நல்ல அளவு. கிருமித் தொற்று, ரத்தக் கட்டு, மறு அனுமதி ஆகியவற்றில் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிடும். கண்புரைக்கு 90 நாள் தேவையில்லை. பிரசவத்துக்கு ஆபரேஷன் நாளை வைத்து எண்ணுவதே தப்பு; கர்ப்பகாலப் பரிசோதனைகளையும் சேர்க்க வேண்டும். சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் இரண்டு தொகைகள் தருவதோடு அந்த மருத்துவமனையில் நூற்றுக்கு எத்தனை சிசேரியன் என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். சுகப்பிரசவ விலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் கடைசியில் வேறு பில்லைக் கட்டும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்த எண்தான் சொல்லும்.

சாளரத்துக்குள் வந்த எல்லாச் செலவையும் சேர்த்துவிடவும் கூடாது. மூட்டு மாற்று செய்த 40ஆம் நாளில் பல் பிடுங்கியதற்கான பில் அதில் சேராது. சம்பந்தமில்லாத நோய்க்குறிகளின் பட்டியலை ஒரு மருத்துவரையும் ஒரு பில்லிங் ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தயாரியுங்கள். மருத்துவர் மட்டும் இருந்தால் எது எந்த எண்ணில் பில்லாகிறது என்பது தெரியாது. பில்லிங் ஆள் மட்டும் இருந்தால் எது எதனால் வந்தது என்பது தெரியாது.

இப்படி முழுச் சிகிச்சைக்கு விலை சொல்லும் முறையை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலம் 2007லேயே செய்துகாட்டியது. எல்லா இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் கிளைம் பதிவையும் ஒன்றாகச் சேர்த்து, உங்கள் இன்ஷூரன்ஸ் எது என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு இடத்திலும் ஆகும் மொத்தத்தைக் காட்டியது. அங்கே ஸ்கேன் போன்ற இமேஜிங் சேவைகளின் செலவு சில சதவீதம் குறைந்ததாகப் பின்னர் ஆய்வில் தெரிந்தது. சிங்கப்பூர் சுகாதார அமைச்சகமும் 2003 முதல் மருத்துவமனை பில் தொகைகளை வெளியிட்டு வருகிறது. இரண்டிலும் பாடம் ஒன்று: அறிவித்த விலையைவிட, ஏற்கனவே நடந்த சிகிச்சைகளின் பில்லிலிருந்து எடுத்த விலை நம்பத்தக்கது.

சராசரியை நம்பாதீர்கள்

பத்து பில்கள் இருக்கின்றன. ஒன்பது பில் 100 அலகு, ஒரு பில் 600 அலகு. அந்த ஒருவர் ஐசியுவில் இருந்துவிட்டு வந்தார். சராசரி 150. அந்தத் தொகையை யாருமே கட்டவில்லை. பில்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் தொகையான இடைநிலை அளவு 100. பெரும்பாலோர் கட்டியது அதுதான். ஆகவே பெரிய எழுத்தில் இடைநிலை அளவைப் போடுங்கள். அதன் கீழே, பில்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் கால்பங்கில் நிற்பதையும் முக்கால்பங்கில் நிற்பதையும் ‘வழக்கமாக இதற்குள்’ என்று காட்டுங்கள். அந்த 600ஐ மறைத்துவிடவும் வேண்டாம். ‘பத்தில் ஒருவருக்கு வழக்கமான செலவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேமிப்பில் எவ்வளவு ஒதுக்கிவைப்பது என்பதை அந்த ஒரு வரியை வைத்துத்தான் குடும்பம் முடிவு செய்யும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் வெளியிடக் கூடாது. மெடிகேர் தரவை வெளியிடுபவர்கள் 1 முதல் 10 வரையுள்ள எண்ணிக்கையைக் காட்டக் கூடாது என்று விதி; தனி ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்பது காரணம். அதில் ஒரு ஓட்டை உண்டு: ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தைக் காட்டினால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வரிசையில் ஒன்றை மறைத்தால் இன்னொன்றையும் மறைக்க வேண்டும்.

தரம்: வகுக்கும் எண் எது என்று முதலில் பாருங்கள்

1863ல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலில் ஓர் அட்டவணை வந்தது. லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம். படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். கணக்கு இதுதான்: ஓராண்டில் 3,828 இறப்புகள், அதை வகுத்த எண் 4,214. அந்த 4,214 ஆண்டு முழுவதும் அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இல்லை. 1861 ஏப்ரலில் கணக்கெடுத்த ஒரு நாளில் படுக்கையில் இருந்தவர்கள். வில்லியம் ஃபார் போன்ற புள்ளியியல் மேதை தயாரித்த அட்டவணைக்கே இந்தக் கதி. இன்று வரும் பாதித் தவறுகள் இதே ரகம். ‘தொற்று விகிதம் 2’ என்றால் நூறு ஆபரேஷனுக்கா, ஆயிரம் படுக்கை நாளுக்கா? ‘மறு அனுமதி’ என்றால் அதே மருத்துவமனைக்கா, எந்த மருத்துவமனைக்குமா? மருத்துவமனை தன் பதிவேட்டை மட்டும் பார்த்துச் சொல்லும் மறு அனுமதிக் கணக்கில், கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனவர் வருவதே இல்லை. இறப்பும் அப்படித்தான்: மருத்துவமனைக்குள் இறந்தவரை மட்டும் எண்ணினால், சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்யும் இடம் பாதுகாப்பானதாகத் தெரியும். 30 நாளுக்குள் எங்கே இறந்தாலும் எண்ணுவதே முறை.

அடுத்தது நோயாளியின் நிலைக்கு ஏற்பத் திருத்துவது. அமெரிக்க அரசு 1986ல் முதன்முதலாக மருத்துவமனை வாரியாக இறப்பு எண்ணிக்கையை வெளியிட்டபோது, பட்டியலின் அடிமட்டத்தில் நின்ற இடங்களில் ஒன்று, இறுதிக்கால நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம். அங்கே சாவதற்காகவே போகிறார்கள். அந்த வெளியீடு 1993ல் நின்றுபோனது.

திருத்தும் கணக்கை நியூயார்க் மாநிலம் இதய பைபாஸ் ஆபரேஷனுக்குச் செய்த விதம் எளிதில் பின்பற்றத்தக்கது. வயது, சிறுநீரகப் பழுது, முந்தைய மாரடைப்பு போன்றவற்றை வைத்து ஒவ்வொரு நோயாளிக்கும் எதிர்பார்க்கும் இறப்பு வாய்ப்பைக் கணக்கிட வேண்டும்; மருத்துவமனை வாரியாகக் கூட்ட வேண்டும்; உண்மையில் இறந்தவர்களை எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, மாநிலச் சராசரியால் பெருக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. மாநிலச் சராசரி 2 சதவீதம். ‘அ’ மருத்துவமனையில் 400 ஆபரேஷன், 12 இறப்பு, 3 சதவீதம். ‘ஆ’வில் 300 ஆபரேஷன், 6 இறப்பு, 2 சதவீதம். பார்வைக்கு ‘ஆ’ மேல். ஆனால் ‘அ’வுக்கு வந்தவர்கள் கடும் நோயாளிகள், எதிர்பார்த்த இறப்பு 16. ‘ஆ’வில் எதிர்பார்த்தது 3 மட்டுமே. திருத்திய பின் ‘அ’ 1.5 சதவீதம், ‘ஆ’ 4 சதவீதம். வரிசை தலைகீழ்.

பலர் இங்கேயே நிறுத்தி அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி பாக்கி. எண்ணிக்கை சிறியது என்பதால் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது அதிர்ஷ்டத்தின் பங்கைக் கணக்கில் எடுத்தால் உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, போட்டால் ‘அ’ சுமார் 0.8 முதல் 2.6 வரை, ‘ஆ’ சுமார் 1.5 முதல் 8.7 வரை. இரண்டுக்குள்ளும் சராசரியான 2 இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால் இரண்டுமே ‘சராசரியிலிருந்து வேறுபடவில்லை’ என்ற பிரிவில்தான் வரும். முதல் இடம், இரண்டாம் இடம் என்று தலைப்புப் போட ஆசையாக இருக்கும்; இந்தத் தரவு அந்தத் தலைப்பைத் தாங்காது. இரண்டு மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கும், ஆனால் செய்தி பழசாகும். மூன்று ஆண்டுத் தொகுப்பை ஆண்டுதோறும் ஓராண்டு நகர்த்திப் புதுப்பிப்பது இரண்டுக்கும் நடுவே ஒத்துப்போகும் வழி.

‘எங்களிடம் ஓர் இறப்புகூட இல்லை’ என்று ஒரு மருத்துவமனை சொன்னால் எத்தனை ஆபரேஷனில் என்று கேளுங்கள். பூஜ்யத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு: 3ஐ ஆபரேஷன் எண்ணிக்கையால் வகுக்கவும். 50 ஆபரேஷனில் பூஜ்யம் என்றால் உண்மையான விகிதம் 6 சதவீதம்வரைகூட இருக்கலாம். 1,000 ஆபரேஷனில் பூஜ்யம் என்றால் 0.3க்குள். எண்ணிக்கையே ஒரு தர அளவு என்பதும் சேர்ந்துகொள்கிறது. சிக்கலான ஆபரேஷன்களை அதிகம் செய்யும் இடங்களில் இறப்பு குறைவு என்பதை 1979 முதல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வேறு எதுவும் கிடைக்காத ஊரில் ‘இந்த ஆபரேஷனை ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்கள்’ என்ற ஒற்றை எண்ணையாவது வெளியிடலாம். அதற்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம்.

நோயாளி திருப்திக் கணக்கெடுப்பைத் தனிப் பத்தியில் வையுங்கள். நர்ஸ் விளக்கிச் சொன்னாரா, வலிக்குக் கூப்பிட்டதும் வந்தார்களா என்பது முக்கியம். அதைத் தொற்று விகிதத்தோடு கூட்டி ஒரே நட்சத்திரமாக்கினால் இரண்டும் கெடும்.

படிப்பவர் கண்ணில் எப்படிப் படுகிறது

விலையை மட்டும் போட்டால் பலர் விலை கூடிய இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதிக விலை என்றால் நல்ல மருத்துவம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழம். அமெரிக்க ஆய்வாளர் ஜூடித் ஹிப்பார்டும் உடன் பணியாற்றியவர்களும் 2012ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். விலைக்குப் பக்கத்திலேயே தரம் பளிச்சென்று தெரியும்போதுதான் தேர்வு மாறியது. ஆகவே தரம் தயாராகும்வரை விலைப் பகுதியை நிறுத்திவைப்பதே நல்லது என்பது என் கருத்து. விலையை முதலில் விட்டுவிட்டுத் தரத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய திட்டங்கள் தவறான திசையில்தான் ஆட்களை அனுப்பும்.

பிற்பாடு உள்ளவை சின்ன விஷயங்கள், ஆனால் இவற்றில்தான் வாசகர் தடுக்கி விழுகிறார். ஒரு பத்தியில் எண் கூடினால் நல்லது, அடுத்த பத்தியில் எண் குறைந்தால் நல்லது என்று இருக்கக் கூடாது. ‘50ல் ஒருவர்’, ‘80ல் ஒருவர்’ என்று எழுதினால் 80 ஆபத்தானது என்று நினைப்பவர் நிறைய. ‘1,000 பேரில் 20’, ‘1,000 பேரில் 13’ என்று ஒரே வகுப்பெண்ணில் எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘சராசரியைவிட நல்லது’, ‘சராசரி’, ‘சராசரியைவிட மோசம்’ என்று வார்த்தையில் எழுதுங்கள். நிறம் போட்டால் சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்காக வடிவத்தையும் மாற்றுங்கள். அகர வரிசையில் அடுக்காதீர்கள். தரம் முதலிலும் அதற்குள் விலையும் என்று அடுக்கினால் தேடும் வேலை பாதி குறைகிறது. முதல் திரையில் ஐந்து அளவுகளுக்கு மேல் வேண்டாம், மீதியை ஒரு சொடுக்கு தள்ளி வைக்கலாம்.

வெளியிடும் முன் துறைக்குச் சம்பந்தமில்லாத ஏழெட்டுப் பேரிடம் கொடுத்து, ‘உங்கள் அம்மாவை எங்கே சேர்ப்பீர்கள், ஏன்’ என்று கேளுங்கள். நடுவில் விளக்கம் சொல்லக் கூடாது. இரண்டு பேர் தவறான இடத்தைச் சுட்டினாலே அட்டவணையைத் திருத்த வேண்டும். அவர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தலைப்பைத் தவறாகப் படித்தார்கள் என்பது அதிலிருந்து தெரியும்.

யார் கைக்கு, எப்போது

2016ல் வந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு விலை ஒப்பிடும் கருவி கொடுத்ததைப் பார்த்தார்கள். முதல் ஆண்டில் சுமார் 10 சதவீதம் பேர்தான் அதைத் திறந்தார்கள். மொத்தச் செலவு குறையவில்லை. கால் எம்ஆர்ஐ எடுக்கப்போனவர்களைப் பற்றிய 2018 ஆய்வு இதைவிடச் சுவையானது. ஸ்கேன் எடுத்தவர்கள் வீட்டிலிருந்து போகும் தூரத்துக்குள் சராசரியாக ஆறு மலிவான ஸ்கேன் மையங்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். விலைக் கருவியைப் பார்த்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எங்கே எடுப்பது என்பதைத் தீர்மானித்தது சீட்டு எழுதிக் கொடுத்த மருத்துவர்.

ஆகவே அட்டவணையின் முதல் வாசகர் அந்த மருத்துவர்தான். அவர் பரிந்துரை எழுதும் திரையிலேயே, பக்கத்து மூன்று மையங்களின் விலையும் தரமும் தெரிய வேண்டும். நோயாளிக்குத் தருவதென்றால் நேரம் முக்கியம். ஆபரேஷன் தேதி குறித்தபின் யாரும் மாற மாட்டார்கள். முதல் நிபுணரைப் பார்க்கும் முன்பு கையில் இருந்தால்தான் பயன். மாரடைப்பு, விபத்து, பக்கவாதம் ஆகியவற்றுக்கு விலை ஒப்பீடு போடவே வேண்டாம். அங்கே யாருக்கும் ஒப்பிட நேரமில்லை, ஒப்பிட வைப்பதே ஆபத்து. பிரசவம், கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை: தொடக்கத்துக்கு இவை போதும்.

அட்டவணை இல்லாத இடத்தில் நோயாளி எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கலாம். ‘எவ்வளவு ஆகும்’ என்று மட்டும் கேட்டால் ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கேட்க வேண்டிய விதம் வேறு: சிகிச்சையின் பெயரும் பில்லிங் எண்ணும் என்ன, எத்தனை நாள் அறை இதில் அடக்கம், கூடுதல் நாளுக்கு எவ்வளவு, இம்பிளான்ட் எந்த வகை, அது உள்ளேயா வெளியேயா, சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், லேப் ஆகியோர் தனி பில் அனுப்புவார்களா, அவர்கள் எல்லோரும் என் இன்ஷூரன்ஸின் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறார்களா, ஐசியு தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு என்ன, சென்ற ஆண்டு இதே சிகிச்சைக்கு உங்கள் பில்களில் வழக்கமான தொகை எது. கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் பதில் வராது. கேட்பதை நிறுத்த வேண்டாம்.

அமெரிக்காவில் 2022 ஜனவரி முதல், இன்ஷூரன்ஸ் இல்லாமலோ பயன்படுத்தாமலோ பணம் கட்டுபவருக்கு மருத்துவமனை எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். ஒரு மருத்துவமனையோ மருத்துவரோ அனுப்பும் பில் மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாளுக்குள் முறையிடலாம். மற்ற நாடுகளில் விதி எழுதுபவர்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, எஸ்டிமேட்டுக்கும் பில்லுக்கும் இடையே எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒரு எண் இருப்பதுதான். எண் இல்லாத எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு யாரும் சண்டை போட முடியாது.

வெளியிட்ட பிறகு

விலையை வெளிப்படுத்தினால் விலை ஏறவும் கூடும். டென்மார்க்கில் 1993ல் போட்டி ஆணையம் ரெடிமிக்ஸ் கான்கிரீட் நிறுவனங்கள் உண்மையில் வாங்கும் விலைகளை வெளியிட ஆரம்பித்தது. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது. தள்ளுபடி தரும் நிறுவனம் யார் என்பது போட்டியாளருக்குத் தெரிந்துபோனதால் ரகசியத் தள்ளுபடி நின்றது. மருத்துவமனைகள் நெருக்கமாக இரண்டு மூன்றே உள்ள ஊரில் இது நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு: ‘பக்கத்தில் அவ்வளவு வாங்குகிறார்களே, நமக்கு ஏன் குறைச்சல்’ என்று கேட்பார்கள். அத்தகைய இடங்களில் ஒப்பந்த விலையை வரிவரியாக வெளியிடுவதைவிட, முழுச் சிகிச்சைக்கு நோயாளி கட்டிய பங்கை ஆறு மாதமோ ஓராண்டோ தாமதித்து வெளியிடுவது பாதுகாப்பு.

தரத்தை வெளியிட்டாலும் எதிர்வினை உண்டு. நியூயார்க்கில் பைபாஸுக்குப் பின் திருத்திய இறப்பு விகிதம் 1989ல் 4.17 சதவீதமாக இருந்தது, 1992ல் 2.45. பெரிய வெற்றி. அதே காலத்தில் நோயாளிகளுக்கு நுரையீரல் நோய் இருப்பதாகப் பதிவானது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நோய்களைக் கவனமாக எழுத ஆரம்பித்தார்கள் என்று சிலர் சொன்னார்கள், கணக்குக்காக எழுதினார்கள் என்று சிலர். இரண்டும் இருந்திருக்கும். கடும் நோயாளிகளைத் தவிர்க்கும் பழக்கமும் வரும் என்பதால், இதயம் போதிய ரத்தத்தைப் பாய்ச்ச முடியாத அதிர்ச்சி நிலையில் வருபவர்களைப் பின்னாளில் ஸ்டென்ட் சிகிச்சைக் கணக்கிலிருந்து அந்த மாநிலம் விலக்கியது. உங்கள் அட்டவணையில் இதைப் பிடிக்க இரண்டு எண்களை ஆண்டுதோறும் கவனியுங்கள்: ஒவ்வொரு மருத்துவமனையும் பதிவு செய்யும் கூடுதல் நோய்களின் விகிதம், வேறு இடத்துக்கு அனுப்பிவைக்கும் நோயாளிகளின் விகிதம். திடீரென்று எகிறும் இடத்தில் ஐம்பது கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பதிவோடு ஒத்துப் பாருங்கள்.

வெளியிடும் முன் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதனதன் எண்களை அனுப்பி 30 நாள் கொடுங்கள். மெடிகேரும் அவ்வளவுதான் கொடுக்கிறது. ஆட்சேபம் வந்தால் எந்த நோயாளி, எந்த பில், எது தவறு என்று எழுத்தில் கேளுங்கள். ‘எங்களிடம் வருபவர்கள் கடும் நோயாளிகள்’ என்ற பொதுப் பதில் ஆட்சேபம் ஆகாது. அதற்குத்தான் திருத்தும் கணக்கு இருக்கிறது. உண்மையான பிழை என்றால் எல்லா மருத்துவமனைக்கும் கணக்கை மறுபடி ஓட்டுங்கள், அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் எதிர்பார்த்த எண்கள் எல்லாம் சற்றே பிசகிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தரவு எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை என்று போடுங்கள். அச்சிட்ட பிறகு திருத்தியவற்றைப் பழைய எண், புதிய எண், தேதி, காரணம் என்று தனிப் பட்டியலாக அதே இடத்தில் வையுங்கள். பழைய அட்டவணையையும் அழிக்காமல் ‘காலாவதி’ என்று குறித்து விட்டுவையுங்கள். அதை வைத்து முடிவெடுத்தவர்கள் திரும்பி வந்து பார்ப்பார்கள்.